தீர்ப்பளித்தவரின் குற்றம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர்தான். ஆனால் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பெரிய வழக்கு என்று வந்துவிட்டால் இராஜபாளையத்துக்காரரும் சிவகாசிக்காரரும் சாத்தூர்க்காரரும் ஆண்டாள் கோபுரம் தெரிகிற அந்த ஊருக்குத்தான் பஸ் ஏறவேண்டும். அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: செய்தது யார்? விடை கிடைத்ததும் வழக்குக் கட்டை மூடிவிடுகிறார்கள். கூண்டில் நின்றவர் சிறைக்கோ வீட்டுக்கோ போகிறார். வழக்கறிஞர், குமாஸ்தா, சாட்சி, வேடிக்கை பார்க்க வந்தவர் என்று மற்ற எல்லோரும் வந்தது போலவே திரும்பிப் போகிறார்கள். சட்டத்துக்கு அது போதும். நாவலுக்குப் போதாது. வந்தது போலவே திரும்பிப் போகிறவர்களைப் பற்றித்தான் நாவலுக்கு அக்கறை.

குற்றவுணர்வைப் பொருளாகக் கொண்ட ஒரு செவ்வியல் நாவல் வாசகரை மாற்றுமா, மாற்றினால் எப்படி என்பதே இன்றைய பொருள். வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. தப்புச் செய்தவன் படுகிற பாட்டைப் படித்தால் படிப்பவனும் தப்புக்குப் பயப்படுவான் என்பது. பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட அது நல்ல பதில். உண்மையில் கொலை செய்யக் கிளம்புகிறவன் வழியில் நின்று அறுநூறு பக்க நாவல் படிப்பதில்லை. படிப்பவர்களில் பெரும்பாலோர் குற்றம் செய்தவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். திண்ணையிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும், இப்போது கைப்பேசியிலும், நாள்தோறும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பவர்கள். இந்த வகை நாவல் குற்றவாளியை நோக்கி எழுதப்படுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தீர்ப்புச் சொல்பவரை நோக்கியே எழுதப்படுகிறது, அது மாற்றுவதும் அவரைத்தான் என்பது என் கட்சி.

இது ரஷ்யாவிலிருந்து இறக்குமதியான எண்ணமில்லை. குறளில் ‘குற்றங்கடிதல்’ என்றொரு அதிகாரம் இருக்கிறது. துறவியலில் இருக்க வேண்டியது போலத் தோன்றும் இந்தத் தலைப்பை வள்ளுவர் கொண்டுபோய் வைத்திருப்பது பொருட்பாலில், அரசியலில். குற்றம் கடிய வேண்டியவன் முதலில் அரசன். அதாவது பிறர் குற்றத்தை விசாரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன். தன் குறையைத் தீர்த்துக்கொண்டு அதன்பின் பிறர் குறையைப் பார் என்று அவனுக்குத்தான் சொல்லப்படுகிறது. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பைத் திருடிய பொற்கொல்லனின் மனம் உறுத்தியதா என்பதில் இளங்கோவுக்கு அக்கறையே இல்லை. உறுத்தலில் உயிர் விடுகிறவன் தீர்ப்பளித்த பாண்டியன். நம் மொழியின் முதல் பெரிய குற்றவுணர்வுக் கதை ஒரு நீதிபதியின் கதை. அவன் கெட்டவனும் இல்லை, அவசரப்பட்டவன். அவசரத்துக்கு இவ்வளவு பெரிய விலையா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு அந்தக் காப்பியம் தீர்ப்புச் சொல்பவரிடம் கறாராக இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். நம் பேச்சில் பழி என்று ஒரு சொல், குற்றம் என்று ஒரு சொல். பழி ஊர் சொல்வது. குற்றம் நெஞ்சு சொல்வது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பது பழிக்கான அச்சம். நாலு பேருக்கும் தெரியாது என்று உறுதியான பிறகும் தூக்கம் வரவில்லையென்றால் அது வேறு. நம் ஊர்களில் பழியின் அச்சம் தாராளமாகவே இருக்கிறது. அதனால் நன்மையும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பழி எப்போதும் பலவீனமானவர் தலையில்தான் போய் விடியும். செய்தவனை விட்டுவிட்டுச் செய்யப்பட்டவளைப் பிடித்துக்கொள்ளும். நாவல் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான்: பழியைச் சுமத்திப் பழகிய ஒருவரைக் குற்றத்தை உணரும் இடத்துக்கு நகர்த்துவது.

முதல் சான்று எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் ஒரு ரஷ்ய மாத இதழில் தொடராக வந்தது. மதுரையில் பேராசிரியராக இருந்த எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் 2007இல் தமிழில் கிடைத்தது. இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொலை செய்த நாயகன் ரஸ்கோல்னிகோவின் காய்ச்சலையும் சோனியா என்ற பெண்ணின் முன் அவன் மண்டியிடுவதையும் சொல்வார்கள். நான் வேறொரு பக்கத்தைக் காட்ட விரும்புகிறேன். கொலை முடிந்துவிட்டது. வட்டிக்கடைக் கிழவியின் கதவுக்கு உள்ளே அவன் நிற்கிறான். வெளியே இரண்டு பேர் வந்து கதவை ஆட்டுகிறார்கள், கொக்கி குதிக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். எதற்காக? அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. கீழ் மாடியில் ஒரு காலி வீட்டுக்குள் அவன் ஒளிந்து தப்பும்போது நமக்கும் நிம்மதி வருகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு கிழவியையும், அதைவிடக் கொடுமையாக, வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட லிஸவேத்தா என்ற அப்பாவிப் பெண்ணையும் கோடரியால் வெட்டியவன் அவன். முகத்தை மறைக்கக்கூட அவள் சரியாகக் கையை உயர்த்தவில்லை என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த ஈரம் காயுமுன் அவளை மறந்துவிட்டு அவனுக்குக் காவல் நிற்கிறோம். நாவல் நம்மைக் கையும் களவுமாகப் பிடிக்கும் இடம் இது. பின்னால், சோனியா கையில் இருக்கும் விவிலியம் லிஸவேத்தா கொடுத்தது என்று தெரியவரும்போது ரஸ்கோல்னிகோவுக்கு என்ன ஆகிறது என்பது இருக்கட்டும். லிஸவேத்தாவை மறந்துபோன நமக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. உபதேசம் எதுவும் இல்லாமல், கதை சொல்லும் முறையாலேயே இது நடக்கிறது. ஒரு கட்டுரை இதைச் செய்யாது; இந்தச் சொற்பொழிவாலும் முடியாது.

டால்ஸ்டாய் இன்னும் நேரடியாகப் போகிறார். ‘புத்துயிர்ப்பு’ 1899இல் வெளிவந்தது. ரா. கிருஷ்ணையாவின் தமிழில், மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம் பக்கத்து ஊர்களுக்கும் மலிவு விலையில் வந்து சேர்ந்த நாவல். நெஹ்லூதவ் என்ற பிரபு ஜூரியாக உட்கார்ந்திருக்கிறான். எதிரே கூண்டில், ஒரு வியாபாரிக்கு விஷம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மாஸ்லவா என்ற விலைமகள். பத்தாண்டுகளுக்கு முன் தன் அத்தைமார் வீட்டில் வளர்ந்த காத்யூஷா அவள் என்பதும், அவளைக் கெடுத்து நூறு ரூபிள் நோட்டைத் திணித்துவிட்டுப் போனவன் தானே என்பதும் அவனுக்கு மெல்ல மெல்ல உறைக்கிறது. அப்போது அவனுக்கு முதலில் வருவது என்ன? அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டால் எல்லார் முன்னாலும் மானம் போய்விடுமே என்ற பயம். அதாவது பழி. அவளைச் சைபீரியாவுக்கு அனுப்பத் தீர்ப்பானதும் ஒரு கணம் அவனுக்குள் ஓர் அசிங்கமான நிம்மதிகூட எட்டிப்பார்க்கிறது: இனி இவள் கண்ணில் படமாட்டாள். வேட்டைக்காரன் பைக்குள் சாகாமல் துடிக்கும் பறவையோடு டால்ஸ்டாய் இதை ஒப்பிடுகிறார். பழியின் அச்சத்திலிருந்து குற்றத்தின் உணர்வுக்கு வர அவனுக்கு ஒரு முழு நாள் பிடிக்கிறது. செயலாக மாற ஒரு முழு நாவல்.

ஆனால் இந்த நீதிமன்றக் காட்சியின் மேதைமை நெஹ்லூதவிடம் மட்டும் இல்லை. தலைமை நீதிபதிக்கு வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். ஒரு ஸ்விட்சர்லாந்துப் பெண் ஓட்டலில் காத்திருக்கிறாள். இன்னொரு நீதிபதியிடம், சாயங்காலம் வீட்டில் சாப்பாடு கிடையாது என்று மனைவி சண்டை போட்டு அனுப்பியிருக்கிறாள். மூன்றாமவருக்கு வயிற்றுக் கோளாறு. தன் அறையிலிருந்து நாற்காலி வரைக்கும் எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே வருகிறார். மூன்றால் வகுபட்டால் புது வைத்தியம் பலிக்கும் என்று மனதுக்குள் பந்தயம். இருபத்தாறுதான் வருகிறது. குட்டியாக ஓர் அடி வைத்து இருபத்தேழு ஆக்கிக்கொள்கிறார். அரசு வழக்கறிஞர் வழக்குக் கட்டைப் படிக்கவே இல்லை. முந்தின இரவு நண்பர்களோடு கூத்தடித்துவிட்டுப் போன இடம், மாஸ்லவா ஆறு மாதத்துக்கு முன்பு வரை இருந்த அதே வீடு. ஜூரிகளோ அவளிடம் இரக்கமுள்ளவர்கள். அவளுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்பதே அவர்கள் முடிவும். அந்த ஒரு வாசகத்தை விடையில் சேர்க்க மறந்துபோகிறார்கள். பேசிக் களைத்துவிட்டார்கள், வீட்டுக்குப் போக வேண்டும். நெஹ்லூதவும் கவனிக்கவில்லை. அவளுக்கு நான்கு ஆண்டு கடுங்காவல். அந்த அறையில் கொடியவர் என்று ஒருவரும் இல்லை. பசி, தூக்கம், வயிற்றுவலி, கொஞ்சம் அசட்டை. சட்டப்படி நடந்த ஓர் அநியாயத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவில் ஜூரி முறை 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அடியோடு போய்விட்டது. போனது நீதிமன்றத்திலிருந்துதான். ஜூரியாக உட்காரும் நம் பழக்கம் எங்கும் போகவில்லை.

தமிழில் இதற்கு நிகரான நிகழ்வு ஒன்று நடந்திருக்கிறது. அதை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழை நாளில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் பெரிய காரில் ஏறிவிடுகிறாள்; கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அதோடு முடித்துவிடுகிறாள். வெளியே ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கதைக்கு எழுந்த எதிர்ப்பு தமிழ் இதழியல் வரலாற்றில் பிரசித்தம். கெடுத்தவனைப் பற்றி வாசகர்கள் அதிகம் கவலைப்படவில்லை. அவர்களைக் கொதிக்க வைத்தது, தண்டிக்க மறுத்த அந்தத் தாய். தீர்ப்பு வழங்க வேண்டியவள் வழங்காமல் விட்டுவிட்டாளே என்ற ஆத்திரம் அது.

ஜெயகாந்தன் அந்த ஆத்திரத்துக்குப் பதில் கட்டுரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. சரி, நீங்கள் விரும்பியபடியே அந்தத் தாய் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், பாருங்கள் என்று ஒரு நாவலே எழுதினார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாகி, 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது அது. இந்த நாவலில் தாய் கனகம் கூச்சல் போடுகிறாள், ஊர் கூடுகிறது, அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். மகள் கங்கா படித்து, பெரிய உத்தியோகத்துக்கு வந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஓர் இரவுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறாள். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த வெங்கு மாமா சட்டம் படித்தவர், சாத்திரம் பேசுகிறவர், நல்லவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். அவருடைய பார்வையும் கையும் அவள் மேல் எப்படிப் படுகின்றன என்பது வாசகருக்கு மட்டும் தெரியும். கெட்டுப்போனவள் என்று ஒருத்தியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டால், தீர்ப்புச் சொன்னவருக்கே அவள்மேல் ஓர் உரிமை வந்துவிடுவதாக அவர் நினைக்கிறார். பழியின் உள்கட்டுமானம் இதுதான் என்று ஜெயகாந்தன் காட்டுகிறார்.

இந்த நாவலுக்குள் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருக்கிறது. கதாபாத்திரமாகவே ஓர் எழுத்தாளர் வருகிறார். அவர் எழுதி ஒரு பத்திரிகையில் வந்த கதை, ‘அக்கினிப் பிரவேச’த்தின் கதையேதான். கங்கா படிக்கிறாள், தாய் கனகமும் படிக்கிறாள். அந்தத் தாய் செய்ததை நான் செய்யாமல் போனேனே என்று கனகம் அழுகிறாள். யோசித்துப் பாருங்கள். கதையைப் படித்துவிட்டு வாசகர்கள் எதிர்த்தார்கள். அந்த வாசகர்களின் இடத்தில் ஒரு தாயை நிறுத்தி, அவள் கையில் அதே கதையைக் கொடுத்து, படிக்க வைக்கிறார் ஜெயகாந்தன். ஒரு வாசகி மாறும் காட்சியே நாவலின் மையத்தில் இருக்கிறது. பிரபு என்ற அந்தக் கார்க்காரனுக்கும் உறுத்தல் வருகிறது, உண்மைதான். தன் ஒரு பொழுதுபோக்கு ஒருத்தியின் பன்னிரண்டு ஆண்டுகளைத் தின்றுவிட்டது என்பதே அவனுக்குப் பின்னால்தான் தெரிகிறது. ஆனால் அவன் குற்றவுணர்வைவிடக் கனகத்தின் குற்றவுணர்வு கனமானது. அவள் மகளைக் கெடுத்தவள் இல்லை, கூச்சல் போட்டவள். நம்மில் பலரும் கார்க்காரர்கள் இல்லை. கூச்சல் போட்டவர்கள் நிறையவே இருப்போம். கனகத்துக்கு அந்தக் கதை பன்னிரண்டு ஆண்டு தாமதமாகக் கிடைத்தது என்பதுதான் நாவலின் சோகம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றக் கூடாது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் ஆண்டாள் சூடிப் பார்ப்பதைக் கண்ட பெரியாழ்வார் பதறிப்போகிறார். அது எச்சில் பட்ட மாலையாயிற்றே என்று அன்று மாலை சாத்தாமலேயே விடுகிறார். அவள் சூடியதுதான் வேண்டும் என்று பெருமாள் கனவில் வந்து சொன்னதாக மரபு. சுத்தம், அசுத்தம் என்று தீர்ப்புச் சொன்ன தந்தையின் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாகிறது என்று சொன்னால் வைணவப் பெரியவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். இந்தக் கதையைத்தான் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யத’ என்று காவியமாக்கினார். அதைத் தமிழாக்கி 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றவர் இராஜபாளையத்தின் மு.கு. ஜகந்நாத ராஜா. அதே காவியத்துக்குள் மாலதாசரி கதை வருகிறது. திருக்குறுங்குடியின் கைசிக நாடகத்தால் நமக்கு நம்பாடுவான் கதையாகத் தெரிந்தது. பிரம்மராட்சசனிடம் பிடிபட்ட பாணர், பெருமாளைப் பாடிவிட்டுத் திரும்பி வந்து இரையாகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அப்படியே திரும்பியும் வருகிறார். வராமல் போயிருந்தால் பழி சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பாணருக்கு நெஞ்சு மட்டும்தான் சாட்சி. இந்தக் கதையில் விடுதலை பெறுகிறவரோ பாடியவர் இல்லை, ராட்சசன்தான்; அந்தப் பாட்டின் பலன் அவனைப் போய்ச் சேர்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு பழையது, வலுவானது. படிப்பு மனிதனை நல்லவனாக்கிவிடும் என்றால் நன்றாகப் படித்த ஜெர்மனி ஏன் அப்படிப் போயிற்று? மாலையில் கதேயையும் ரில்கேயையும் படித்துவிட்டுக் காலையில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வேலைக்குப் போகும் மனிதன் சாத்தியமானவன் என்பதை நாம் அறிந்துவிட்டோம் என்று ஜார்ஜ் ஸ்டைனர் எழுதினார். அறிவியலும் இங்கே பெரிதாகக் கைகொடுக்கவில்லை. இலக்கியப் புனைகதையைச் சிறிது நேரம் படித்தவர்கள் பிறர் மனநிலையைக் கூடுதலாகக் கணிக்கிறார்கள் என்று கிட், கஸ்தானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியபோது இலக்கிய உலகம் குதூகலித்தது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. குதூகலித்தவர்கள் இதை அவ்வளவாக விளம்பரப்படுத்தவில்லை. இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். நாவல் ஒருவரை நல்லவராக்கும் என்பது என் வாதமில்லை. நல்லவர் என்று தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் நிச்சயத்தை அது எடுத்துவிடுகிறது என்பதே என் வாதம். அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்பது அவர் பாடு. காலையில் வேலைக்குப் போன அந்த மனிதன் கவிதையை அழகுக்காகப் படித்தான். அவனைக் கூண்டில் ஏற்றும் பக்கங்களை எப்படிப் படித்தான், படித்தானா என்பது வேறு கேள்வி. நாவலால் உலகில் எதுவுமே அசையாது என்பதும் சரியில்லை. ‘புத்துயிர்ப்பு’ தந்த பணத்தை டால்ஸ்டாய், படையில் ஆயுதம் எடுக்க மறுத்துத் துன்பப்பட்ட துகோபார்கள் என்ற ரஷ்யச் சமயக் குழுவினர் கனடாவுக்குக் குடிபெயரக் கொடுத்தார். 1899இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கியதற்கும் இந்த நாவலின் சிறைப் பூசைக் காட்சிக்கும் தொடர்பு உண்டு. பாதிக்காத நூலைக் கண்டு எந்தச் சபையும் பதறுவதில்லை.

இரண்டாவது மறுப்பு பஞ்சாலை ஊரான இராஜபாளையத்தில் நியாயமாகவே எழும். குற்றவுணர்வு வசதியுள்ளவனின் ஆடம்பரம் இல்லையா? நெஹ்லூதவ் நிலம் உள்ள பிரபு. ஜெயகாந்தனின் பிரபுவுக்குக் கார் இருக்கிறது. இங்கிருந்து தொலைவில் இல்லாத கோவில்பட்டியின் பூமணி எழுதிய ‘வெக்கை’யை (1982) எடுத்துக்கொண்டால், அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் அலையும் பதினைந்து வயதுச் சிதம்பரத்துக்கு உறுத்தலுக்கு நேரமே இல்லை, சோறு, தண்ணீர், ஒளிய இடம். உண்மை. அதனால்தான் ‘வெக்கை’யைப் படிக்கையில் உறுத்த வேண்டியது யாருக்கு என்ற கேள்வி பையனைத் தாண்டி வந்து நம்மிடம் நிற்கிறது. அவர்களை நீதிமன்றத்தில் சரணடைய விட்டுவிட்டு நாவல் முடிகிறது. தீர்ப்பைப் பூமணி எழுதவில்லை. இதே மறுப்பின் இன்னொரு முகம், குற்றம் தனிமனிதனுடையது இல்லை, அமைப்பினுடையது என்பது. டால்ஸ்டாய் இதை அறிந்தே இருந்தார். கைதிகளைக் கடும் வெயிலில் ரயிலடிக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது சிலர் சுருண்டு விழுந்து சாகிறார்கள். கொன்றது யார் என்று நெஹ்லூதவ் ஒவ்வொருவராகக் கணக்கெடுக்கிறான். தாளில் கையெழுத்துப் போட்டவர், உடம்பைச் சோதித்த மருத்துவர், காவல் அதிகாரி என்று எல்லோரும் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள். ஆட்கள் செத்திருக்கிறார்கள், கொன்றவர் இல்லை. நம் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு புரியும். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததை எடுத்துக்கொண்டு 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். முதலாளியின் கணக்கு அதோடு தீர்ந்தது. அந்தத் தீப்பெட்டியை அத்தனை ஆண்டுகள் உரசி அடுப்புப் பற்றவைத்தவர்களின் கணக்கை எந்த நீதிமன்றமும் எடுக்க முடியாது. எடுக்கக்கூடிய இடம் நாவல். அந்த நாவலை நாம் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது. அதை எழுப்புகிறவள் காத்யூஷா. திருமணம் செய்துகொள்கிறேன் என்று சிறைக்கு வந்து நிற்கும் நெஹ்லூதவிடம் அவள் சீறுகிறாள். இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகப்பட்டாய், அடுத்த உலகத்திலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்பது அவள் கேள்வியின் சாரம். குற்றவுணர்வும் ஒரு சுயநலமாகிவிடலாம். ஒருத்தியை முதலில் இன்பத்துக்குப் பயன்படுத்தி, பிறகு பிராயச்சித்தத்துக்குப் பயன்படுத்துவது. அழுத வாசகரும் இதில் கூட்டு. கண்ணீர் விட்டதும் கணக்கு நேராகிவிட்டது போல ஒரு சுகம் வருகிறது. புத்தகத்தை மூடிவிட்டுக் காபி குடிக்கலாம். இந்த மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கேள்வியை எழுப்பியது எந்த விமர்சகரும் இல்லை, நாவலே என்பதைக் கவனியுங்கள். குற்றவுணர்வின் நாவல் செவ்வியலாவது, உறுத்தப்பட்டவனை நாயகனாக்கி நிறுத்திவிடாமல், பாதிக்கப்பட்டவளின் வாயில் அவனுக்கு எதிரான வழக்கையும் வைக்கும்போதுதான். கடைசியில் காத்யூஷா அவனை மணக்க மறுத்து, சிமன்சன் என்ற அரசியல் கைதியோடு போகிறாள். கங்காவும் பிரபுவுக்கு மன்னிப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கவில்லை. நம் விமர்சனம் இந்த இரு பெண்களின் மறுப்பைப் பற்றிப் பேசியது குறைவு. ஆண்களின் மனமாற்றத்தைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறது. அந்தக் கணக்கை இனிமேலாவது நேர்செய்ய வேண்டும்.

டால்ஸ்டாய்க்கு இந்தக் கதையை 1887இல் சொன்னவர் அனத்தோலி கோனி என்ற சட்ட அறிஞர். அவரிடம் ஓர் இளைஞன் வந்திருக்கிறான். ஜூரியாக உட்கார்ந்த வழக்கில், நூறு ரூபிள் திருடியதாகக் கூண்டில் நின்ற விலைமகள் தான் கெடுத்த பெண் என்று கண்டுகொண்டவன். அவளை மணக்க விரும்பினான். டால்ஸ்டாய் தன் குறிப்புகளில் இதை நெடுங்காலம் ‘கோனியின் கதை’ என்றே எழுதிவந்தார். நாவலானபோது அது நெஹ்லூதவின் கதையாயிற்று. திருமணத்துக்கு முன்பே டைஃபஸ் காய்ச்சலில் பீட்டர்ஸ்பர்க் சிறையில் இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயர் ரோஸாலியா ஓனி.